பழைய ஓக் மரச்சட்டக வீடுகள்: பழுதுபார்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியிலுள்ள லாவன்ஹாம் போன்ற ஊர்களில், 15, 16ஆம் நூற்றாண்டுகளில் கட்டிய மரச்சட்டக வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். இவற்றில் கூரையின் பாரத்தைத் தாங்குவது தூண்களும் உத்தரங்களும் கோத்த ஓக் மரச்சட்டகமே. இடையிலுள்ள சுவர் வெறும் அடைப்புதான்.

அந்த அடைப்பின் மேல் சிமென்ட் பூசுவதைத்தான் மிகக் கொடிய தவறு என்பேன். பின்னிய குச்சித் தட்டியின் மேல் களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பி, சுண்ணாம்பு பூசிய சுவர், நனைந்தாலும் விரைவில் காய்ந்துவிடும். ஈரத்துக்கேற்ப மரம் விரிந்து சுருங்குகையில், விறைத்த சிமென்ட் அதனோடு இசையாமல் ஓரத்தில் மயிரிழை அளவு பிளவு விடுகிறது. அதன் வழியே இறங்கும் மழைநீர் வெளியேற வழியின்றி அடிச்சட்டத்தில் தேங்குகிறது. பூச்சு புதிதாகவே தெரியும், ஆனால் அடிச்சட்டத்தில் உளிமுனையை வைத்து அழுத்தினால் ஊறிய ரொட்டியைப் போல உள்வாங்கும். சுண்ணாம்புப் பூச்சே இங்குப் பொருந்தும்.

சாய்ந்த தூணை நிமிர்த்த முயல்வது அடுத்த தவறு. காய்ந்த ஓக் கைக்கருவிகளுக்கு எளிதில் வளையாத கடினம் என்பதால், தச்சர்கள் பச்சை மரத்தையே செதுக்கினர். கழுந்திலும் (சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்கு) அது நுழையும் சட்டத்திலும் ஆணித்துளைகளைச் சற்றே விலக்கித் துளைத்து மர ஆணி அடித்ததால், ஆணி இறங்க இறங்க மூட்டு இறுகியது. அப்புறம் மரம் காய்ந்து முறுகியதால் வந்த கோணல் பெரும்பாலும் எப்போதோ அடங்கிவிட்டது. ஜாக்கி வைத்துத் தூக்கினால் மூட்டுகள்தான் கிழியும். புதிய விரிசலோ, திடீரெனப் பிடிக்கத் தொடங்கிய கதவோ இருந்தால் மட்டும் பொறியாளரை அழைக்க வேண்டும்.

கறுப்பு வண்ணத்தைப் 'பழமை' என நம்பிப் பூசுவோரும் உண்டு. அந்த மோகம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டினுடையது.

அந்தக் கறுப்பு வண்ணத்தைச் சுரண்ட மணல் பீய்ச்சுவதும் ஆபத்தே. தச்சர்கள் சட்டகத்தைப் பட்டறையில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, மூட்டுக்கு மூட்டு ரோமன் எண் கீறி, பிரித்து வண்டியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நான்கை IV என்றல்லாமல் நான்கு கோடுகளாகவே (IIII) பலர் கீறினர். அந்தக் கீறல்கள் அழிந்தால் மீண்டும் வாரா. மரம் ஆண்டுக்கு ஒன்றாக வளர்க்கும் வளையங்களில், மரப்பட்டையை ஒட்டிய கடைசி வளையம் எஞ்சியிருந்தால், வளைய ஆய்வின் மூலம் மரம் வெட்டிய ஆண்டை அறியலாம். பச்சையாகவே பயன்படுத்தியதால், வீடு எழுந்த காலமும் பெரும்பாலும் அதையொட்டியதே. மணல் பீய்ச்சும்போது முதலில் தேய்ந்து போவது அந்த மென்மையான ஓரம்தான்.