எது சிவப்பு மூக்கு, எது மஞ்சள் மூக்கு? ஆள்காட்டியை அடையாளம் காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெல்லைச் சீமையில் ஆள்காட்டிப் பறவை இல்லாத ஊர் இல்லை. இங்கே இரண்டு இனம் உண்டு. பறவை பார்க்கப் புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

முதல் தவறு, காலைப் பார்த்து முடிவுகட்டுவது. சிவப்பு மூக்கு ஆள்காட்டிக்கும் கால் மஞ்சள்தான். மஞ்சள் மூக்கு ஆள்காட்டியின் அலகோ பெரும்பாலும் கறுப்பு. மஞ்சளாகத் தொங்குவது கண்ணுக்கு முன்னால் உள்ள சதை. எதிர்வெயிலில் அதுவும் தெரியாது. நெஞ்சைப் பாருங்கள். சிவப்பு மூக்குக்குத் தலை, தொண்டை, மேல்நெஞ்சு எல்லாம் கன்னங்கறுப்பு. காதோரம் தொடங்கும் வெள்ளைப் பட்டை கழுத்தோடு இறங்கி வயிற்றில் சேரும். மஞ்சள் மூக்குக்கு உச்சந்தலை மட்டும் கறுப்பு, அதைச் சுற்றி வெள்ளைக் கோடு, கழுத்தும் நெஞ்சும் மணல் நிறம். உருவத்திலும் சின்னது: சிவப்பு மூக்கு 35 செ.மீ. வரை என்றால் இது 27 செ.மீ. அளவு. சிவப்பு மூக்கின் இளசுக்குத் தொண்டை வெளுத்திருக்கும். அங்கே ஏமாறக் கூடாது.

இடத்தை வைத்து மட்டும் சொல்வதும் தவறு. குளத்தங்கரை, வயல் வரப்பு என்றால் சிவப்பு மூக்கு, நாங்குநேரிப் பக்கத்துப் பொட்டல், மானாவாரித் தரிசு என்றால் மஞ்சள் மூக்கு என்பது பொதுவாகச் சரி. ஆனால் சிவப்பு மூக்கு தரிசிலும் மேயும், மொட்டைமாடியில்கூட முட்டையிடும். குரல் இன்னும் நல்ல துணை. இரவிலும் ஊரை எழுப்பும் உரத்த கத்தல் சிவப்பு மூக்குடையது. மற்றதன் குரல் மெலிந்து கூர்மையாக இருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கோடையில் படம் எடுக்கக் கூட்டை நெருங்குவது. இந்தியத் துணைக்கண்டத்தை விட்டால் மஞ்சள் மூக்குக்கு வேறு வீடு இல்லை. பங்குனி, சித்திரை வெயிலில்தான் அது அதிகம் முட்டையிடும். கூடு என்பது வெறுந்தரையில் ஒரு சிறு குழி. சுற்றிலும் பொடிக்கல், சில சமயம் ஆட்டுப்புழுக்கை. உள்ளே பெரும்பாலும் நான்கு முட்டை, சரளைக்கல் நிறத்தில் புள்ளி புள்ளியாக. தாய் அடைகாப்பது சூட்டுக்காக மட்டுமல்ல, நிழலுக்காகவும். வயிற்றிறகைத் தண்ணீரில் நனைத்துவந்து முட்டையைக் குளிர்விப்பதும் உண்டு. நாம் நிற்கிற நேரமெல்லாம் முட்டை வெயிலில் வேகும். பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினால், அடி பார்த்து, வந்த தடத்திலேயே திரும்புங்கள். பொரித்த குஞ்சாக இருந்தால் அசையாமல் மண்ணோடு பதுங்கியிருக்கும். மிதித்த பிறகுதான் தெரியும்.