பாடத்தைக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்

மாணவர் தாம் ஏற்கெனவே அறிந்தவற்றின் மீதே புதிய அறிவைக் கட்டியெழுப்புகின்றனர் என்பதே கட்டுருவாக்கவாதம் என்னும் கற்றல் கோட்பாட்டின் அடிப்படை. உளவியலாளர்களான ஜீன் பியாஜேயும் லெவ் வைகொட்ஸ்கியும் இதற்கு வழிசமைத்த முதன்மையானவர்கள். வகுப்பறையில் இதைச் செயற்படுத்தப் பெரிய ஆயத்தம் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் நிலக்கீழ் நீர் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். விளக்கத்தைத் தொடங்குமுன், "அதிகம் இறைத்தால் கிணற்று நீர் ஏன் உவர்க்கிறது?" என்று கேட்டு, ஒவ்வொருவரின் காரணத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதச் செய்யுங்கள். "வெயிலில் தண்ணி வத்தி உப்பு மிஞ்சுது" என்ற விடை நிச்சயம் வரும்; அதை உடனே பிழையென்று வெட்டிவிடாதீர்கள், ஏனெனில் பாடம் தொடங்கவேண்டிய இடமே அதுதான்.

பின்னர் கண்ணாடிக் குவளையொன்றில் நீல மை கலந்த உப்புநீரை அரைவாசிக்கு நிரப்பி, கரண்டியின் முதுகில் வழியவிட்டு நன்னீரை மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். அடர்த்தி குறைந்த நன்னீர் மேலே தங்கும். குடாநாட்டின் சுண்ணாம்புக்கல்லினுள்ளும் நன்னீர் இவ்வாறே உவர்நீரின்மேல் மிதக்கிறது. ஊசியில்லாத சிரிஞ்சில் மெல்லிய குழாயொன்றைப் பொருத்தி, அதன் நுனியை இரு நீரும் சந்திக்கும் எல்லைக்குச் சற்று மேலே பிடித்து விரைவாக உறிஞ்சினால் நீலம் மேலெழும்; அதிகம் இறைக்கும்போது கிணற்றுக்குள் உவர்நீர் ஏறுவதும் இவ்வாறே. தாம் எழுதிய தாளை மாணவரே அப்போது திருத்தட்டும். குழுவில் விளங்கியவர் விளங்காதவருக்குச் சொல்லட்டும். நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் இதை முடிப்பது சற்றுக் கடினம் என்பதால், இரட்டைப் பாடவேளையைத் தெரிவுசெய்வது நல்லது.