நண்டில் காட்மியம் பார்க்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்ணூர் கழிமுக நண்டுகளில் காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் எவ்வளவு என்று பார்க்க ஒவ்வொரு ஆண்டும் புது மாணவர்கள் வருகிறார்கள், பழைய தவறுகளையே செய்கிறார்கள். எஃகுக் கத்தி, கழுவாத குடுவை பற்றியெல்லாம் வழிகாட்டியே சொல்லிவிடுவார், அதை விடுகிறேன்.

முழு நண்டை உறைய வைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வரும். ஏலத்தில் வாங்கிய நண்டை, நாளைக்கு அறுத்துக்கொள்ளலாம் என்று அப்படியே ஃப்ரீசரில் போட்டுவிடுவார்கள். ஓட்டைத் திறந்தால் மஞ்சளும் பழுப்புமாகக் குழைந்திருக்குமே, வீட்டில் கொழுப்பு என்போம், அது செரிமானச் சுரப்பி. இரையோடும் செவுள் வழியாகவும் உடம்புக்குள் போகும் காட்மியத்தில் பெரும்பகுதி அங்கேதான், மெட்டலோதயோனின் என்ற புரதத்தோடு பிணைந்து தங்குகிறது. தசையில் பொதுவாக மிகக் குறைவு. உறையும்போது சுரப்பியின் செல்கள் கிழியும். உருகும்போது அந்தச் சாறு பக்கத்துத் தசைக்குள் இறங்கும். அப்புறம் தசையை எவ்வளவு சுத்தமாகப் பிரித்து என்ன?

ஒரு மாணவிக்குத் தசையில் காட்மியம் ஈர எடையில் (உலர்த்தாமல், நீரோடு நிறுத்த எடை) கிலோவுக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டியது. நண்டின் கால் தசைக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் உச்ச வரம்பு அது. சந்தோஷத்தில் ஓர் அத்தியாயமே எழுதிவிட்டார். உயிரோடு வாங்கி அன்றே அறுத்த நண்டுகளில் பார்த்தால் வரம்புக்கு வெகு கீழே. உறைய வைத்த மாதிரிகளை ஒன்றும் செய்ய முடியாது. அந்தப் பருவமே வீண்.

நண்டை ஐஸில் மரத்துப்போக வைத்து, உடனே அறுங்கள். கால் தசை, சுரப்பி, செவுள் எல்லாம் தனித்தனிப் பொட்டலம். முழுசாக வேகவைத்தாலும் இதே கசிவு உண்டு.

செம்பைக் கண்டு பதறுவது

நண்டு ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோசயனினிலேயே செம்பு இருக்கிறது. இல்லாவிட்டால்தான் பதற வேண்டும்.

புதிதாக ஓடு கழற்றிய நண்டு

ஓடு கழன்றதும் நண்டு நீரை உறிஞ்சி உப்பும். ஈர எடைக் கணக்கில் உலோகம் குறைந்த மாதிரி தெரியும். வியாபாரி அழுத்திப் பார்த்து ஒதுக்கியதை மலிவு என்று வாங்காதீர்கள்.

ஈர எடையா, உலர் எடையா?

எந்த எடையில் கணக்கிட்டீர்கள் என்று எழுதுங்கள். எண் நாலைந்து மடங்கு மாறும்.

எண்ணெய்க்கும் நண்டையே நம்புவது

2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அப்படிப்பட்ட இடத்து நண்டில் எண்ணெயின் நச்சு ஹைட்ரோகார்பன்கள் குறைவாக இருந்தால் கடல் சுத்தம் என்று அர்த்தமில்லை. அவற்றில் நிறையவற்றை நண்டே உடைத்து வெளியேற்றிவிடும். மட்டிக்கு அந்தத் திறன் மிகக் குறைவு, அதையும் சேர்த்து எடுங்கள்.