பெரிய குயில்ட்டுக்கு பேஸ்டிங்: தரையில் மண்டியிடாமல் மேசையிலேயே முடிப்பது எப்படி?

நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வையான குயில்ட்டின் மேல்துணியைத் தைத்து முடித்துவிட்டு, அதை மடித்து அலமாரியில் வைத்தபடியே மாதக்கணக்கில் தொடாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். சோம்பல் என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்து வரும் வேலை அப்படி. மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்று அடுக்கையும் நகராமல் தற்காலிகமாகப் பிணைக்கும் இந்த பேஸ்டிங்கைத் தரையில் மண்டியிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று பெரும்பாலான செய்முறைகள் சொல்கின்றன. மூட்டுவலி உள்ளவர்களுக்கு உட்காருவது ஒரு சிரமம், எழுந்திருப்பது அதைவிடப் பெரிய சிரமம்.

ஆனால் குயில்ட் முழுவதும் ஒரே சமயத்தில் விரிந்து கிடக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. கை வேலை செய்கிற இடம் மட்டும் சுருக்கமின்றித் தட்டையாக இருந்தால் போதும். மற்ற பகுதி மேசையிலிருந்து தொங்கலாம், சுருட்டியும் இருக்கலாம். கீழே உள்ள முறைகள் எல்லாம் இதை நம்பித்தான் நடக்கின்றன.

முதலில் மேசையின் உயரம்

சாப்பாட்டு மேசைகள் பொதுவாக 75 செ.மீ. உயரம் இருக்கும். உட்கார்ந்து சாப்பிட அது சரி. நின்று குனிந்து வேலை செய்தால் அரை மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். முழங்கைக்குச் சுமார் 10 செ.மீ. கீழே மேசைப் பரப்பு இருந்தால் வசதி. கட்டில் கால்களுக்கு அடியில் வைக்கிற உயரக் கட்டைகளை மேசைக்கும் வைக்கலாம். வைத்த பிறகு மேசை ஆடுகிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்துவிடுங்கள். உயரமான ஸ்டூல் ஒன்று பக்கத்தில் இருந்தால் நின்றும் உட்கார்ந்தும் மாறி மாறிச் செய்யலாம்.

மேசை குயில்ட்டைவிடச் சிறியதாக இருப்பதுதான் இங்கே நல்லது. ஓரங்களில் தொங்கும் துணியின் எடையே மற்ற பகுதியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மரப்பரப்பில் ஊக்குமுனை கீறும் என்பதால் கட்டிங் மேட் அல்லது ஹார்டுபோர்டு ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

தேவையானவை

வளைந்த சேஃப்டி பின்கள், பெரிய பைண்டர் கிளிப்புகள், மாஸ்கிங் டேப், ஒரு பல்குச்சி, நீளமான மர ஸ்கேல், ஒரு டீஸ்பூன். வளைந்த பின் கேட்பதற்குக் காரணம் உண்டு: நேரான பின்னைக் குத்தி மேலே எடுக்கும்போது துணி தூக்கிக்கொள்ளும், வளைந்த பின் அதன் வளைவிலேயே வெளியே வந்துவிடும், அடுக்கு அசையாது.

எத்தனை பின் வேண்டும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 60 × 80 அங்குலக் குயில்ட்டில் 4 அங்குலத்துக்கு ஒன்று என்றால் 15 வரிசை, வரிசைக்கு 20, ஆக 300 பின்கள். பாதியில் தீர்ந்துபோனால் பேஸ்டிங் அரைகுறையாக மேசையில் கிடக்கும், வீட்டில் சாப்பிட இடம் இருக்காது.

அடித்துணியும் பஞ்சு விரிப்பும் மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். பொட்டலத்தில் மடிந்திருந்த பஞ்சு விரிப்பை முந்தைய நாளே பிரித்துக் கட்டில்மேல் போட்டுவைத்தால் மடிப்புகள் தளர்ந்துவிடும். துணிகள் இரண்டையும் நன்றாக இஸ்திரி போடுங்கள். வலி அதிகம் உள்ளவர்கள் இஸ்திரி ஒரு நாள், பேஸ்டிங் இன்னொரு நாள் என்று பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மேசையில் கிளிப் முறை

1. மேசையின் நடுப்புள்ளியில் பல்குச்சியை வைத்து அதன்மேல் டேப் ஒட்டுங்கள். மூன்று அடுக்கு போட்ட பிறகும் அந்த மேடு விரலுக்குத் தட்டுப்படும். இரண்டு துணிகளையும் பஞ்சு விரிப்பையும் நான்காக மடித்து நடுவைக் குறித்துக்கொண்டால், ஒவ்வொன்றையும் அந்த மேட்டுக்கு நேராக வைத்து விரிக்கலாம்.

2. அடித்துணியை உள்பக்கம் மேலே தெரியும்படி விரியுங்கள். மேசையின் நீள ஓரத்தின் நடுவில் துணியை மேசையோடு சேர்த்து ஒரு கிளிப், அதற்கு நேர் எதிரே ஒன்று, பிறகு மற்ற இரண்டு பக்கங்களின் நடுவில், கடைசியாக மூலைகளை நோக்கி. தொடக்கக்காரர்கள் தடுமாறும் இடம் இதுதான். துணி சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும், முரசுத் தோலாக விறைக்கக் கூடாது. அதிகமாக இழுத்தால் கிளிப்பை எடுத்ததும் துணி பழைய அளவுக்குச் சுருங்கும்; பின்பக்கம் முழுக்கக் கொசுவம் விழும். இழைகள் கிளிப்பை நோக்கி வளைந்து தெரிந்தால் சற்றுத் தளர்த்துங்கள்.

3. பஞ்சு விரிப்பை அதன்மேல் விரியுங்கள். இதற்குக் கிளிப் வேண்டாம். உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துச் சமன் செய்வதற்குப் பதிலாக மர ஸ்கேலைப் படுக்கவைத்து நடுவிலிருந்து வெளியே தள்ளுங்கள். மணிக்கட்டு பிழைக்கும்.

4. மேல்துணியை நல்ல பக்கம் மேலே தெரியும்படி போடுங்கள். அதன் தையல் கோடுகள் மேசை ஓரத்துக்கு இணையாக ஓடுகின்றனவா என்று ஒருமுறை எட்டி நின்று பாருங்கள்.

5. நடுவிலிருந்து பின் குத்தத் தொடங்குங்கள். மேசைமேல் உள்ள பகுதி முழுவதற்கும் குத்திய பிறகு மொத்தமாக மூடலாம். கையை மூடி எங்கே வைத்தாலும் ஒரு பின்னாவது தட்டுப்பட வேண்டும். மூன்று அடுக்கையும் நிரந்தரமாகப் பிணைக்கும் குயில்ட் தையல் எந்தக் கோட்டில் போகப்போகிறது என்பது முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கோட்டைத் தவிர்த்துக் குத்துங்கள்.

6. கிளிப்புகளை எடுத்துவிட்டுக் குயில்ட்டை நகர்த்துங்கள். தூக்காதீர்கள், இழுங்கள். பின் குத்திய கடைசி வரிசை மேசை விளிம்பை ஒட்டி வரட்டும். மேல் இரண்டு அடுக்கையும் மடித்துத் திருப்பிவிட்டு, அடியில் சுருங்கிக்கிடக்கும் அடித்துணியைச் சமன்செய்து மற்ற மூன்று பக்கமும் கிளிப் போடுங்கள். பின் குத்திய பக்கம் தன் எடையிலேயே நிற்கும். மீண்டும் பஞ்சு விரிப்பு, மேல்துணி, பின். தொங்கும் பகுதி மிகக் கனமாக இருந்தால் ஒரு நாற்காலியைப் போட்டு அதில் ஏற்றிவையுங்கள்.

7. முடிந்ததும் பகுதி பகுதியாகப் புரட்டிப் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மடிப்பு தட்டுப்பட்டால் அங்கிருந்து அருகிலுள்ள ஓரம்வரை பின்களை எடுத்து, மடிப்பை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மறுபடி குத்துங்கள். தைத்த பிறகு பிரிப்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

விரல் வலிக்கு

முழங்காலைக் காப்பாற்றிவிட்டு விரல்களை மறந்துவிடக் கூடாது. 300 பின்களை விரலால் அழுத்தி மூடினால் மறுநாள் டம்ளர் பிடிக்க முடியாது. டீஸ்பூன் இதற்குத்தான். இடது கையில் ஸ்பூனைப் பிடித்து, பின்னின் கூர்முனை அதன் விளிம்பில் உட்காரும்படி வைத்து மேலே நெம்புங்கள். வலது கை பின்னின் தலையைக் கொண்டுவந்து மாட்டினால் போதும். இதற்கென்றே தடித்த மரப்பிடியுள்ள கருவிகளும் விற்கின்றன. ஸ்பூன் கைப்பிடி மெல்லியதாக இருந்தால் துணியைச் சுற்றித் தடிமனாக்குங்கள்.

பிற்பாடு பின்களைக் கழற்றும்போது அவற்றை மூடவே வேண்டாம். திறந்தபடியே டப்பாவில் போடுங்கள். அடுத்த குயில்ட்டுக்குத் திறக்கிற வேலை மிச்சம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்துக் கையை ஓய்வெடுக்க விடுங்கள். மேசை ஒழியாது என்ற அவசரத்தில் வலியைப் பொறுத்துக்கொண்டு முடிப்பது எனக்கு ஏற்பில்லாத பழக்கம். பின் குத்திய குயில்ட்டைத் தளர்வாகச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு நாளைக்குத் தொடரலாம், எதுவும் கெட்டுவிடாது. மாதக்கணக்கில் மட்டும் போட்டுவைக்காதீர்கள். ஈரம் பட்டால் பின் துருப்பிடித்துத் துணியில் கறை விழும்.

உட்கார்ந்தே செய்ய: பலகை முறை

நிற்கவே முடியாதவர்களுக்கும், கையால் குயில்ட் தைப்பவர்களுக்கும் இதைத்தான் பரிந்துரைப்பேன். அமெரிக்கக் குயில்ட் கலைஞர் ஷரோன் ஷாம்பர் பரவலாக்கிய முறை இது. குயில்ட்டின் அகலத்தைவிடச் சற்று நீளமான, 3 அல்லது 4 அங்குல அகலமுள்ள இரண்டு தட்டைப் பலகைகள் தேவை. ஒன்றில் மேல்துணியையும் மற்றொன்றில் அடித்துணியையும் கோணாமல் சுருட்டுங்கள். விரிக்கும்போது அடித்துணியின் உள்பக்கமும் மேல்துணியின் நல்ல பக்கமும் மேலே பார்க்க வேண்டும். சுருட்டும் முன் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பலகைகளையும் மேசையின் எதிர் ஓரத்தில் வைத்து, துணிகளை உங்களை நோக்கிக் கையெட்டும் தூரம் மட்டும் விரியுங்கள். பஞ்சு விரிப்பைச் சுருட்ட வேண்டாம், இரண்டுக்கும் நடுவே போட்டால் போதும். வெளிர்நிறப் பருத்தி நூலைக் கோத்த நீளமான ஊசியால், குறுக்கும் மறுக்குமாகப் பெரிய தையல்கள் போட்டுக்கொண்டு போங்கள். கையெட்டும் இடம் முடிந்ததும் தைத்ததை மடிப்பக்கம் இழுத்து, பலகைகளை இன்னொரு சுற்று அவிழுங்கள். இங்கே நடுவிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. சுருட்டியது சீராக இருந்தால் விரிவதும் சீராகவே விரியும்.

மெஷினில் குயில்ட் தைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மேலே ஓடிய மெஷின் தையலுக்கு அடியில் இந்த நூல் மாட்டிக்கொள்ளும். பிரித்தெடுப்பது பொறுமையைச் சோதிக்கும். அவர்களுக்குப் பின்களே மேல்.

ஸ்ப்ரே பசை

விரலுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. குயில்ட்டைச் சுவரில் மாட்டி ஸ்ப்ரே அடிக்கச் சொல்வார்கள். தோள்பட்டை வலி உள்ளவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். மேசையிலேயே, ஒரு பாதியை மடித்துத் திருப்பி, பஞ்சு விரிப்பின்மேல் லேசாக அடித்து ஒட்டிவிட்டு மறுபாதிக்கு வரலாம். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது, ஏனென்றால் இந்த ஸ்ப்ரேக்கள் பெரும்பாலும் தீப்பற்றக் கூடியவை. தண்ணீரில் கரையும் வகைதானா என்று டப்பாவில் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

எந்த முறையில் செய்தாலும், தைக்க உட்காருவதற்கு முன் நாலா பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் அடித்துணியைப் பஞ்சின் ஓரத்துக்கு மேலாக மடித்துச் சில பின்கள் குத்திவிடுங்கள். மெஷினில் திருப்பித் திருப்பித் தைக்கும்போது பஞ்சு பிய்ந்து வராது, ஓரம் குயில்ட்டுக்கு அடியில் மடங்கிச் சேர்த்துத் தைபடாது.