டாலரில் விலை போட்ட கிட், ரூபாயில் கையில் என்ன விலை? கணக்குப் போடும் முறை

கன்பிளா (பாகங்களைக் கோத்துக் கட்டும் ஜப்பானிய 'குண்டம்' ரோபோ பிளாஸ்டிக் கிட்) கட்டவோ டைகாஸ்ட் கார் (உலோகத்தில் வார்த்த சின்ன மாதிரிக் கார்) சேர்க்கவோ புதிதாகத் தொடங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "கடை நம் நாட்டுக் கடைதான். முகவரி பெங்களூரு என்று இருக்கிறது. ஆனால் விலை மட்டும் டாலரில் போட்டிருக்கிறார்கள். 60 டாலர் என்றால் கூகுளில் மாற்றிப் பார்த்தேன், கட்டுப்படியாகும் போலத்தான் இருக்கிறது. வாங்கலாமா?"

கூகுள் காட்டும் தொகையை மட்டும் நம்பி ஆர்டர் போடாதீர்கள். நான் அப்படித்தான் என் முதல் மாஸ்டர் கிரேட் கிட்டை (கன்பிளாவில் நுணுக்கமான ஒரு ரகம்) வாங்கினேன். விலை டாலரில் இருந்தது. 30% முன்பணம், மீதி சரக்கு வந்த அன்றைய மதிப்பில் என்றார்கள், சரி என்றேன். எட்டு மாதம் கழித்து மீதியைக் கேட்டபோது டாலர் ஏறியிருந்தது. கடை போட்ட மாற்று மதிப்போ அன்றைய சந்தை மதிப்பைவிட நான்கு ரூபாய் கூடுதல். அதையும் கட்டி முடித்த பிறகு, கூரியர்காரர் வாசலில் நின்று சுங்க வரி ரொக்கமாக வேண்டும் என்றார். பெட்டியை அவர் கையிலேயே விட்டுவிட்டுத் தெருமுனை ஏடிஎம்முக்கு ஓடினேன். அன்று இரவு கிட்டைப் பிரிக்கக்கூட மனம் வரவில்லை. செலவு முழுவதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

படி 1: பொருள் இப்போது எங்கே இருக்கிறது?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டி ஏற்கெனவே இந்தியாவில், கடைக்காரரின் அலமாரியில் இருக்கிறதா? அல்லது நீங்கள் பணம் கட்டிய பிறகுதான் ஜப்பானிலிருந்தோ ஹாங்காங்கிலிருந்தோ கிளம்பப் போகிறதா?

இந்தியாவில் இருக்கும் பொருளுக்கு டாலர் விலை தேவையே இல்லை. இறக்குமதி செய்து பொட்டலமாக விற்கும் பொருளில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எல்லா வரியும் சேர்ந்த எம்ஆர்பி ஆகியவை இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. இணையத்தில் விற்பவர் மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும், அதில் பொருளுக்கு எவ்வளவு, டெலிவரிக்கு எவ்வளவு, வரி எவ்வளவு என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதி. இன்னொன்றும் உண்டு. நாட்டுக்குள் நடக்கும் வியாபாரத்துக்கு இந்திய கார்டில் இணையம் வழியாகப் பணம் கட்டினால், அது இந்திய வங்கி வழியாக, ரூபாயில்தான் தீர்க்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2014 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது. ஆகவே "ஸ்டாக் இருக்கிறது, ஆனால் டாலரில்தான் விலை" என்று ஒரு கடை சொன்னால், ரூபாய் பில் தருவீர்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

பொருள் வெளிநாட்டில் இருந்தால், கடைக்காரர் உங்களுக்காக வாங்கி அனுப்பும் தரகர். அது தவறில்லை, நல்ல தரகர்கள் இருக்கிறார்கள், நானும் வாங்குகிறேன். ஆனால் வழிச்செலவு யார் தலையில் விழும் என்பதை நீங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டாக வேண்டும்.

கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. கார்டு எண்ணைப் போட்டதும் ஓடிபி கேட்காமலே பணம் போய்விட்டால், பணத்தைப் பெற்ற விற்பனையாளர் பெரும்பாலும் வெளிநாட்டில் பதிவானவர். பேபால் மட்டும்தான் என்றாலும் அதே கதைதான், ஏனென்றால் இந்தியாவுக்குள் ஒருவர் இன்னொருவருக்குப் பணம் கட்டும் சேவையைப் பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. இந்திய முகவரி போட்ட கடைக்குப் பேபாலில் பணம் போகிறது என்றால், அந்தப் பணம் இந்தியக் கணக்குக்குப் போகவில்லை.

படி 2: பிறந்த ஊர் விலையைத் தேடுங்கள்

புதியவர்கள் இதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். ஜப்பானில் தயாரான கிட்டுக்கு உண்மையான விலை யென்னில் இருக்கிறது. டாலர் என்பது நடுவில் யாரோ ஒருவர் மாற்றிப் போட்ட எண். எப்போது மாற்றினார் என்று பாருங்கள், ஏனென்றால் யென் அவ்வளவு ஆடியிருக்கிறது. 2021 ஜனவரியில் ஒரு டாலருக்கு ஏறக்குறைய 103 யென். 2024 ஜூலையில் 160-ஐத் தாண்டியது. 6,600 யென் கிட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 103 யென் கணக்கில் அது 64 டாலர். 160 யென் கணக்கில் 41 டாலர்தான். அதே பெட்டி, அதே பிளாஸ்டிக். பழைய டாலர் விலையை மாற்றாமல் வைத்திருக்கும் கடையில் அந்த 23 டாலரை நீங்கள் சும்மா கொடுக்கிறீர்கள்.

தயாரிப்பாளரின் ஜப்பானியத் தளத்தில் கிட்டின் பெயரைப் போட்டால் யென் விலை கிடைத்துவிடும். அங்கே காட்டுவது பொதுவாக ஜப்பானின் 10% நுகர்வு வரி சேர்ந்த விலை. ஏற்றுமதிக்கு அந்த வரி கிடையாது. 6,600 என்று இருந்தால் 1.1-ஆல் வகுத்து 6,000 என்று எழுதி, அதை இன்றைய மதிப்பில் டாலராக மாற்றிக்கொள்ளுங்கள். கடையின் விலை இதற்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை, அவரும் பிழைக்க வேண்டும். ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் நான் அடுத்த கடையைப் பார்ப்பேன்.

படி 3: யாருடைய மாற்று மதிப்பு, எந்த நாளுடையது?

கூகுளில் தெரிவது சந்தை மதிப்பு. அந்த விலைக்கு நமக்கு யாரும் டாலர் தருவதில்லை. கார்டில் கட்டினால், பல இந்திய கிரெடிட் கார்டுகள் வெளிநாட்டுப் பணத்துக்கு 3.5% வரை கூடுதல் கட்டணம் போடுகின்றன. அந்தக் கட்டணத்தின் மேல் 18% ஜிஎஸ்டி. இரண்டும் சேர்ந்து 4.13%. உங்கள் கார்டுக்கு எவ்வளவு என்று வங்கியின் கட்டணப் பட்டியலில் பாருங்கள். 2% கார்டுகளும் உண்டு, இந்தக் கட்டணமே இல்லாதவையும் உண்டு. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, வேலை முடிந்ததும் மறக்காமல் மூடிவிடுங்கள்.

பணம் கட்டும் பக்கத்தில் "ரூபாயிலேயே கட்டுகிறீர்களா?" என்று கேட்டால் சந்தோஷப்பட்டு ஆம் என்று தட்ட வேண்டாம். அங்கே மாற்று மதிப்பை நிர்ணயிப்பது உங்கள் வங்கி இல்லை, விற்பவர் பக்கம். அது பெரும்பாலும் மோசமாகவே இருக்கும். அதற்கு மேல், விற்பவர் வெளிநாட்டில் பதிவானவர் என்பதால், ரூபாயில் கட்டியதற்கும் பல வங்கிகள் தனிக் கட்டணம் பிடிக்கின்றன. பொருளின் விலை எந்தப் பணத்தில் இருக்கிறதோ அதிலேயே கட்டுங்கள்.

ப்ரீ-ஆர்டர் என்றால் ஒரே கேள்விதான்: மாற்று மதிப்பு ஆர்டர் போட்ட நாளுடையதா, மீதி கட்டும் நாளுடையதா? எழுத்தில் பதில் வாங்குங்கள்.

படி 4: பெட்டியை அளந்து பாருங்கள்

கிட் எடை குறைவு, ஷிப்பிங்கும் குறைவாகத்தான் இருக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். கூரியர் நிறுவனங்கள் எடையோடு அளவையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 40, 30, 10 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 12,000, வகுத்தால் 2.4 கிலோ. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பாகங்கள் ஒரு கிலோகூட இல்லாவிட்டாலும் 2.4 கிலோவுக்குத்தான் கட்டணம். இதனால்தான் பெரிய பெட்டி கிட்டுகளைத் தனியாக வரவழைப்பது நஷ்டம். சின்ன டைகாஸ்ட் கார்களை நான்கைந்தாகச் சேர்த்து வரவழைத்தால் கட்டுப்படியாகிறது.

படி 5: சுங்கம்

பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பிப்ரவரியில் 20-லிருந்து 60 சதவீதமானது. 2023 பட்ஜெட்டில் 70 ஆனது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பதற்காகச் செய்தது. முறையாகச் சரக்கு இறக்கி ஜிஎஸ்டியும் கட்டி ரூபாயில் விற்கும் கடைக்காரரின் விலை ஏன் அவ்வளவு உயரமாகத் தெரிகிறது என்பதற்கு இதுதான் காரணம். அவரைக் கொள்ளைக்காரர் என்று திட்டுவது நியாயமில்லை.

தனிநபர் பெயருக்கு வரும் பார்சலுக்கு விகிதம் வேறு, அது அவ்வப்போது மாறுகிறது. ஆர்டர் போடும் வாரத்தில் எவ்வளவு என்று கடையிடமோ கூரியரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, ஷிப்பிங்கும் இன்சூரன்ஸும் சேர்ந்த தொகைக்கு.

"கிஃப்ட் என்று எழுதி அனுப்பிவிடுகிறோம், வரி வராது" என்று யாராவது சொன்னால் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். 5,000 ரூபாய் வரையிலான பரிசுப் பார்சல்களுக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. பொய் எழுதிய பார்சல் மாட்டினால் அலைவது நீங்கள்தான்.

படி 6: மொத்தம்

இப்போது ஒரு கிட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். பொருள் 60 டாலர், ஷிப்பிங் 18 டாலர். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று டாலர் 90 ரூபாய், சுங்கமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேர்த்து 40%, கூரியரின் சேவைக் கட்டணம் வரியோடு 708 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

78 டாலர் × 90 = 7,020
கார்டு கட்டணம் 4.13% = 290
சுங்கம் 40% (7,020-க்கு) = 2,808
கூரியர் = 708
மொத்தம் = 10,826 ரூபாய்

கூகுளில் மாற்றிப் பார்த்தபோது 5,400-ஆகத் தெரிந்த கிட், வீடு வந்து சேரும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்புறம் இந்த 10,826-ஐ 60-ஆல் வகுங்கள். 180 வருகிறது. அதாவது இந்தக் கடையில் உங்களுக்கு ஒரு டாலர் 180 ரூபாய். டாலர் விலை ஒன்றாக இருக்கும் கடைகளை இந்த ஒரு எண்ணை வைத்து ஒப்பிடலாம். விலை வேறாக இருந்தால் மொத்தத் தொகையை ஒப்பிடுங்கள். அதே கிட்டை உள்ளூர் ஸ்டாக்கில் வைத்து ஒருவர் 9,500 ரூபாய்க்குத் தருகிறார் என்றால், நான் யோசிக்காமல் அவரிடமே வாங்குவேன். ஒரு பாகம் உடைந்து வந்தால் அவரைப் போனில் பிடிக்கலாம்.

படி 7: கடைக்கு அனுப்ப வேண்டிய செய்தி

நான் அனுப்புவது இது. அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"வணக்கம். இந்த கிட் இப்போது இந்தியாவில் ஸ்டாக்கில் இருக்கிறதா? என் வீடு வரை எல்லாம் சேர்த்து ரூபாயில் மொத்தம் எவ்வளவு? சுங்கம் நீங்கள் கட்டுகிறீர்களா, நான் கட்ட வேண்டுமா? ப்ரீ-ஆர்டர் என்றால் எந்த நாள் மாற்று மதிப்பு? நான் ரத்து செய்தால் முன்பணம் திரும்புமா?"

நேர்மையான கடை ஒரே நாளில் வரிவாரியாகப் பதில் எழுதிவிடும். "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் ப்ரோ" என்று பதில் வந்தால் நான் அங்கே ஆர்டர் போடுவதில்லை.

பார்சல் வரும் நாளில் இந்தப் பதிலைப் போனில் தயாராக வைத்திருங்கள். சுங்கம் உங்கள் பொறுப்பு என்றால் கூரியர்காரரிடம் வரி கட்டிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதில் எந்தத் தொகைக்கு வரி போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, உங்கள் பில்லோடு ஒத்துப்போகிறதா எனச் சரிபாருங்கள். தொகை வேறாக இருந்தால் அன்றே கூரியருக்கு எழுதுங்கள். பெட்டியைத் திறக்கும்போது டேப்பை வெட்டுவதிலிருந்து நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். கார்டு ஸ்டேட்மென்ட்டில் பதிவான கட்டணத்தையும் பார்த்து, படி 6-இல் நீங்கள் போட்ட கணக்குக்குப் பக்கத்தில் உண்மைத் தொகையை எழுதி வையுங்கள். என் நோட்டில் முதல் ஆர்டருக்கு வித்தியாசம் 4,000 ரூபாய்க்கு மேல் இருந்தது. போன மாதம் வாங்கியதற்கு 60 ரூபாய்.