ஹென்றி இர்விங்கின் கடிதக் குவியலைப் படிப்பது எப்படி

விக்டோரியா காலத்து லண்டன் நாடக உலகம் எப்படி இயங்கியது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தக் காலத்துப் பெரிய நடிகர் ஹென்றி இர்விங்கின் கடிதங்களைத்தான். அதிலும் அவர் எழுதியதை விட்டுவிட்டு அவருக்கு வந்ததிலிருந்து ஆரம்பியுங்கள். கவிஞர், ஓவியர், பிரதமர், வாய்ப்புக் கேட்கும் நடிகர், இலவச டிக்கெட் கேட்கும் பிரபு என்று அத்தனை பேரும் ஒரே மனிதரின் மேஜைக்கு எழுதியிருக்கிறார்கள், அந்த மேஜையில் உட்கார்ந்து பார்த்தால் ஊரே தெரியும்.

கடிதத்தைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளில் காலக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். 1838இல் சாமர்செட் கிராமம் ஒன்றில் ஜான் ஹென்றி பிராட்ரிப் என்ற பெயரில் பிறப்பு. 1871 நவம்பர் 25, லண்டன் லைசியம் அரங்கில் ‘தி பெல்ஸ்’ நாடகம், ஒரே இரவில் புகழ். 1878இல் அதே அரங்கின் நிர்வாகம் அவர் கைக்கு வருகிறது, நடிகை எலன் டெர்ரியும் நிர்வாகி பிராம் ஸ்டோக்கரும் வந்து சேர்கிறார்கள். 1883இலிருந்து மொத்தம் எட்டு அமெரிக்கச் சுற்றுப்பயணங்கள். 1895இல் நைட் பட்டம், நடிகர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. 1905 அக்டோபர் 13, பிராட்ஃபோர்டில் ‘பெக்கெட்’ நடித்து முடித்த அன்றிரவே மரணம். இந்தத் தாள் பக்கத்தில் இல்லாமல் கடிதம் படிக்கவே படிக்காதீர்கள், ஏன் என்று இப்போது பாருங்கள்.

அந்தக் காலத்து ஆட்கள் தேதி போடும் லட்சணம் அப்படி. ‘வியாழன், மார்ச் 3’ என்று எழுதுவார்கள், வருஷம் இருக்காது. சரி, பழைய நாட்காட்டியைத் திறங்கள். லைசியம் இர்விங் கையில் இருந்த வருஷங்களில் மார்ச் 3 வியாழக்கிழமையில் விழுவது 1881, 1887, 1892, 1898 ஆகிய நான்கில் மட்டும். இனி, அன்றைக்கு அரங்கில் என்ன ஓடியது என்று பாருங்கள். கடிதத்தில் கவிஞர் டென்னிசனின் ‘தி கப்’ பற்றிப் பேச்சு இருந்தால் 1881. ‘ஃபவுஸ்ட்’ என்றால் 1887. ‘எட்டாம் ஹென்றி’ என்றால் 1892. நாடகத்தைப் பற்றி எதுவும் இல்லாமல், நடந்த இழப்புக்கு வருத்தம் தெரிவித்து எழுதியிருந்தால் 1898 என்று யோசிக்கலாம், ஏனென்றால் அந்த பிப்ரவரி 18இல்தான் லைசியத்தின் கிடங்கு எரிந்து 44 நாடகங்களின் காட்சி அமைப்புகள் சாம்பலாயின. ஒரு கிழமையும் ஒரு நாடகத்தின் பெயரும் போதும், வருஷம் பிடிபட்டுவிடும்.

இதோடு இன்னும் இரண்டு சோதனைகள் உண்டு. உறையில் ‘சர் ஹென்றி’ என்று இருந்தால் அது 1895க்குப் பிந்தையது. கிராஃப்டன் தெரு முகவரி இருந்தால் 1899க்குள், ஏனென்றால் அந்த வருஷம் அவர் ஸ்டிராட்டன் தெருவுக்குக் குடிபோய்விட்டார்.

தேதி முடிந்ததும் விளிப்பைப் பாருங்கள், உறவின் தூரம் அங்கேதான் இருக்கிறது. ‘டியர் சர்’ என்றால் அறிமுகம் இல்லாதவர். ‘டியர் மிஸ்டர் இர்விங்’ என்றால் பழக்கம் உண்டு, நெருக்கம் இல்லை. ‘மை டியர் இர்விங்’ என்று மிஸ்டரைக் கழற்றிவிட்டு எழுதினால் நண்பர் வட்டத்துக்குள் வந்துவிட்டார் என்று பொருள். நமக்கு வெறும் குடும்பப் பெயரால் கூப்பிடுவது கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் படலாம், ஆனால் அன்றைய ஆங்கிலேய ஆண்களுக்கிடையில் அதுதான் நட்பின் அடையாளம். ஒரே ஆள் எழுதிய கடிதங்களை வரிசையாக அடுக்கி, எந்த வருஷத்தில் விளிப்பு மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், அந்த மாற்றத்துக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு விருந்தோ ஓர் உதவியோ இருக்கும்.

அப்புறம், ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரே வரியில் எழுதுங்கள்: இவர் என்ன கேட்கிறார்? என்னைப் பொறுத்தவரை இதுதான் மொத்த வேலையின் உயிர். புகழ்மொழிகளைத் தாண்டி மூன்றாவது பத்தியில் ஒரு கோரிக்கை நிற்கும். கோரிக்கையின் வகையை வைத்துப் பிரித்தால் வட்டம் தானாகவே வரைந்துகொள்ளும். டென்னிசன் தன் நாடகத்தை மேடையில் பார்க்க விரும்பினார், 1879இல் ‘பெக்கெட்’டைக் கொடுத்தபோது இர்விங் ஏற்கவில்லை, கடைசியில் அது மேடையேறியது 1893 பிப்ரவரி 6இல், அதற்குச் சரியாக நான்கு மாதம் முன்பு கவிஞர் இறந்துபோயிருந்தார். இதைத் தெரிந்துகொண்டு அந்தக் கடிதங்களைப் படித்தால் மரியாதைச் சொற்களுக்குள் ஏக்கம் எப்படி ஒளிந்திருக்கும் என்று புரியும். சிலரிடம் கேட்டது இர்விங்: ஓவியர் பர்ன்-ஜோன்ஸ் ‘கிங் ஆர்தர்’ நாடகத்துக்கு வடிவமைத்தார், இசையமைப்பாளர் சல்லிவன் ‘மெக்பெத்’துக்கு இசையமைத்தார், ஓவியர் அல்மா-டடேமா ‘கோரியொலேனஸ்’ காட்சிகளை உருவாக்கினார். கேட்பவர் யார், கொடுப்பவர் யார் என்று அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

வெறும் நன்றிக் கடிதம் என்று எதையும் ஒதுக்காதீர்கள். லைசியம் மேடைக்குப் பின்னால் பீஃப்ஸ்டேக் அறை என்று ஒன்று இருந்தது, காட்சி முடிந்ததும் அங்கே இரவு விருந்து. 1886 ஏப்ரலில் இசைமேதை லிஸ்ட் லண்டன் வந்தபோது அங்கே உபசரிக்கப்பட்டார். ‘வெனிஸ் வணிகன்’ நூறாவது காட்சிக்கு, 1880 பிப்ரவரி 14இல், மேடையிலேயே சுமார் 350 பேருக்கு விருந்து நடந்தது. இந்த மாதிரி இரவுகளுக்கு வந்த நன்றிகளையும், வர இயலாது என்ற மறுப்புகளையும் சேர்த்தால் விருந்தினர் பட்டியல் கிடைத்துவிடும்.

இர்விங் பெயரில் போன பதில்களைப் பார்க்கும்போது கையெழுத்தைக் கவனியுங்கள். ஸ்டோக்கர் 1878 முதல் கடைசிவரை அவருடைய நிர்வாகி, முதலாளி சார்பில் அவர் எழுதித் தள்ளிய கடிதங்கள் ஏராளம், ‘டிராகுலா’ எழுதியதும் இந்த வேலைக்கு நடுவில்தான். யார் எழுதிய பதில் என்று பார்க்காமல் ‘இர்விங் அன்பாக எழுதினார்’ என்று குறிப்பெடுத்துவிட்டால் அந்த அன்பு ஸ்டோக்கருடையதாக இருக்கலாம்.

இர்விங்குக்கு எழுதப்படாத கடிதங்களையும் படியுங்கள். நாடகாசிரியர் பெர்னார்ட் ஷாவும் எலன் டெர்ரியும் எழுதிக்கொண்டவை 1931இல் நூலாக வந்தன. அதில் இர்விங் இல்லாமலே நிறைந்திருக்கிறார், ஷாவுக்கு டெர்ரியை லைசியத்திலிருந்து பிரித்துத் தன் நாடகங்களுக்கு இழுக்கவேண்டும், டெர்ரிக்கு இர்விங்கை விடவும் முடியவில்லை, குறை சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

மனைவி ஃப்ளோரன்ஸ் விஷயத்தில் நிதானம் தேவை. ‘தி பெல்ஸ்’ முதல் நாள் இரவு வண்டியில் வரும்போது அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காக இர்விங் இறங்கிப் போனவர் திரும்பவே இல்லை என்ற கதை எல்லாரும் சொல்வது. அதைக் குடும்ப நினைவு என்று தனியாகக் குறித்துவையுங்கள், கடிதச் சான்றோடு கலக்காதீர்கள். வாழ்நாள் முழுக்கப் பிரிந்திருந்தும் விவாகரத்து ஆகவில்லை என்பது மட்டும் உறுதி.

தாள்கள் ஓரிடத்தில் இல்லை. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் நாடகப் பிரிவில் ஒரு பெரும் பகுதி, ஸ்டிராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் பிறப்பிட அறக்கட்டளையிடம் ஸ்டோக்கர் சேர்த்துவைத்தவை, பிரிட்டிஷ் நூலகத்தில் டெர்ரி குடும்பத்துத் தாள்கள். அட்டவணையில் இர்விங் பெயரை மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும், ஸ்டோக்கர், மேடை மேலாளர் லவ்டே, நண்பர் டூல் என்று தேடுங்கள். கடிதத்தை எடுத்துக்கொடுக்கச் சொல்லும்போது உறையும் இருந்தால் கூடவே கேட்டு வாங்குங்கள், தபால் முத்திரை அதில்தான் இருக்கும்.