வீட்டுச் சாமான் வீணாகாமல் இருக்க: கைப்பேசியில் இருப்புப் பட்டியல் வைத்துக்கொள்ளும் முறை

குளிர்சாதனப் பெட்டியின் காய்கறித் தட்டை மாதம் ஒருமுறையாவது வெளியே இழுத்துக் கழுவுகிறவர்களுக்கு, வீட்டுக் காசு எந்த வழியாகப் போகிறது என்பது தெரிந்திருக்கும். எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தட்டை எடுத்தபோது, பாலித்தீன் பைக்குள்ளேயே கருத்துக் குழைந்துபோன கொத்தமல்லிக் கட்டு ஒன்றும், நுனி சுருங்கிய பீன்ஸ் கால் கிலோ அளவும், அவற்றின்மேல் அன்று காலையில் வாங்கிய புதுக் கொத்தமல்லிக் கட்டும் கிடந்தன. பழையது இருப்பது தெரியாமல் புதியதை வாங்கியிருந்தோம். புதியது மேலே உட்கார்ந்ததால் பழையது கண்ணில் படாமலே அழுகிவிட்டது.

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட உணவு வீணாதல் அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 55 கிலோ உணவு குப்பைக்குப் போவதாக மதிப்பிடுகிறது. நால்வர் வாழும் வீட்டுக்கு இது ஆண்டுக்கு 220 கிலோ. உரித்த தோலும் காம்பும் இந்தக் கணக்கில் அடங்கும் என்பதால் முழுவதையும் குற்றமாக எண்ண வேண்டியதில்லை. ஆனால் சமைத்துச் சாப்பிட்டிருக்கக்கூடியதும் அதில் சேர்ந்தேதான் போகிறது. வாங்குகிறவர் ஒருவர், சமைக்கிறவர் வேறொருவர், நடுவில் எடுத்துச் சாப்பிடுகிறவர் மற்றொருவர் என்றிருக்கும் வீட்டில், எது எவ்வளவு இருக்கிறது என்ற செய்தி யாரிடமும் முழுமையாக இருப்பதில்லை. அந்தச் செய்தியை எல்லோருடைய கைப்பேசியிலும் ஒன்றுபோல் தெரியும்படி வைப்பதே இங்கே சொல்லும் முறை.

எந்தச் செயலி

இதற்கென்றே பல செயலிகள் உள்ளன. ‘பிரிங்’, ‘அவர்குரோசரீஸ்’ போன்றவை குடும்பத்தினர் சேர்ந்து வாங்கும் பட்டியல் எழுத உதவுகின்றன. ‘நோவேஸ்ட்’ போன்றவை பொட்டலத்தின் பார்கோடைப் படித்து, காலாவதித் தேதியைக் குறித்துவைத்து நினைவூட்டுகின்றன. ஆனால் நம் வீடுகளில் முதலில் கெட்டுப்போகிறவை பார்கோடு உள்ள பொருள்கள் அல்ல. கீரை, தக்காளி, அரைத்த மாவு, உடைத்த தேங்காய் மூடி, மிஞ்சிய சாம்பார் ஆகியவையே. உழவர் சந்தையில் வாங்கிய கத்தரிக்காயில் ஸ்கேன் செய்ய எதுவும் இல்லை. அதனால் தனிச் செயலியைத் தேடி அலைவதைக் காட்டிலும், ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கட்டணமின்றிக் கிடைக்கும் ‘கூகுள் கீப்’ போன்ற எளிய குறிப்புச் செயலியே போதும் என்பது என் அனுபவம். அதில் தமிழிலேயே எழுதலாம், சொன்னால் எழுதிக்கொள்ளவும் செய்யும், இணையம் இல்லாத நேரத்தில் எழுதியதும் பின்னர் மற்றவர்களுக்குப் போய்ச் சேரும். நான் முன்பு பயன்படுத்திய மளிகைச் செயலி ஒன்று திடீரென நின்றுபோக, ஓராண்டாகச் சேர்த்த குறிப்புகள் அதோடு போய்விட்டன. அதுமுதல், குறிப்புகளை வெளியே நகலெடுக்க முடியுமா, தொடர்புப் பட்டியலையும் இருப்பிடத்தையும் தேவையின்றிக் கேட்கிறதா என்ற இரண்டையும் பார்த்தே எந்தச் செயலியையும் நிறுவுகிறேன்.

மூன்று குறிப்புகள்

செயலியில் ‘சீக்கிரம் தீர்க்க வேண்டியவை’, ‘வாங்க வேண்டியவை’, ‘வீணானவை’ என்று மூன்று குறிப்புகளைத் தொடங்குங்கள். ஒவ்வொன்றிலும் தேர்வுப்பெட்டி (டிக் செய்யும் கட்டம்) வசதியை இயக்கி, எப்போதும் மேலே நிற்கும்படி ‘பின்’ (pin) குறியைத் தொட்டு, பகிரும் வசதியில் வீட்டில் உள்ளவர்களின் மின்னஞ்சல் முகவரிகளைச் சேருங்கள். இனி ஒருவர் எழுதுவது மற்ற எல்லோருக்கும் தெரியும்; கடையில் நிற்பவர் தயிரை எடுத்துப் பெட்டியைத் தொட்டதும் அது வாங்கியாயிற்று என்பது அலுவலகத்திலிருந்து கிளம்புகிறவருக்கும் தெரிந்துவிடும். ஒரே மாலையில் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு தயிர்ப் பாக்கெட்டோடு வந்து நிற்பது இதோடு முடிந்துவிடும்.

வீட்டில் உள்ள எல்லாப் பொருளையும் பட்டியலிட முயல வேண்டாம். உப்பு, மஞ்சள்தூள், சீரகம் என்று அஞ்சறைப் பெட்டியை முழுவதும் எழுதத் தொடங்கியவர்கள் பத்தாம் நாளே சலித்து விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரத்துக்குள் கெடக்கூடியது, பிரித்துப் பாதி பயன்படுத்தியது, சமைத்து மிஞ்சியது ஆகிய மூன்று வகையை மட்டும் முதல் குறிப்பில் எழுதினால் போதும். ஒரு நேரத்தில் பதினைந்து வரிக்கு மேல் அதில் இருக்காது.

எழுதும்போது பொருளின் பெயரோடு அளவும், எந்த நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் சேர வேண்டும். ‘முருங்கைக்காய்’ என்று மட்டும் எழுதினால் யாரும் அசையமாட்டார்கள். ‘முருங்கைக்காய் 3, வியாழனுக்குள்’ என்றால் புதன்கிழமை சாம்பாரில் அது விழுந்துவிடும். எங்கள் வீட்டுக் கணக்கில் கீரை வாங்கிய அன்றோ மறுநாளோ, குளிர்சாதனப் பெட்டியில் வைத்த இட்லி மாவு நான்கு நாள், தேங்காய் மூடி மூன்று நாள், பீன்ஸும் அவரையும் ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். வெயில் காலத்தில் இவற்றிலும் ஒரு நாளைக் குறைத்துக்கொள்வது நல்லது. நாள் நெருங்குகிறவற்றை விரலால் இழுத்து மேலே வைத்துவிட்டால், காலையில் என்ன சமைப்பது என்ற கேள்விக்குப் பட்டியலின் முதல் வரியே விடை சொல்லிவிடும். மாவு, பனீர் போன்று மறந்தால் முழுவதும் போய்விடுகிறவற்றுக்கு மட்டும் முந்தின நாள் இரவு ஒலிக்கும்படி நினைவூட்டல் வையுங்கள். எல்லாவற்றுக்கும் வைத்தால் அந்த ஒலியையே காது தள்ளிவிடும்.

பொட்டலப் பொருள்களில் அச்சிட்ட தேதியைச் சரியாகப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ‘எக்ஸ்பைரி’ அல்லது ‘யூஸ் பை’ தேதியை அச்சிடுவது கட்டாயம். ‘பெஸ்ட் பிஃபோர்’ தேதி விருப்பத்தின்பேரில் கூடுதலாக வருவது. முன்னது கடந்தால் அந்தப் பொருளைச் சாப்பிடக் கூடாது. பின்னது சுவையும் மணமும் முழுமையாக இருக்கும் காலத்தை மட்டும் குறிப்பதால், அது கடந்ததற்காக நல்ல ரவையைக் குப்பையில் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு தேதிகளுமே பிரிக்காத பொட்டலத்துக்குரியவை; பிரித்த நாளிலிருந்து வேறு கணக்கு. அதனால் சேமியா, ரவை, கடலைமாவு போன்றவற்றைப் பிரித்ததும், ‘ரவை பிரித்தது, முக்கால் கிலோ’ என்று அன்றைய தேதியுடன் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி இருந்தால், வண்டு வந்த பிறகு சலிக்கும் வேலையும், பழைய பொட்டலம் பின்னால் இருக்கப் புதியதைப் பிரிக்கும் தவறும் நேராது.

கடைக்குக் கிளம்பும் முன்

சந்தைக்குப் போகும் முன் குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து, உள்ளே ஒவ்வொரு தட்டையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலை. பட்டியலில் எழுத விட்டுப்போனதையும் படம் காட்டிவிடும்; தக்காளிக் கூறு மலிவாகக் கிடைக்கிறது என்று கை நீளும்போது, வீட்டில் ஏற்கெனவே பத்து பழம் இருப்பதை அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளலாம். மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்குச் சனிக்கிழமை காலையில் போகிறவள் நான். இந்தப் படப் பழக்கம் வந்த பிறகு என் பை பாதியாகச் சுருங்கிவிட்டது. 1999-இல் தொடங்கிய அந்தச் சந்தையில் காலையில் வரும் காயின் பசுமையைப் பார்த்தால் மனம் எல்லாவற்றையும் வாங்கச் சொல்லும். நான்கு நாளில் சமைத்துத் தீர்க்க முடியாத காய், எவ்வளவு மலிவானாலும், நமக்கு விலை கூடியதுதான்.

சில நிமிடங்களில் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் விரைவு விற்பனைச் செயலிகளில் வாங்குவோர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். டெலிவரிக் கட்டணத்தைத் தவிர்ப்பதற்காக, தேவைக்கு மேல் ஒரு பாக்கெட் ரொட்டியோ காளானோ கூடையில் சேர்வது அங்கேதான். கட்டணத்தைத் தவிர்க்க எடுத்த பொருள் கெட்டுப்போனால் இரண்டு நட்டம். அவசரமில்லாதவற்றை ‘வாங்க வேண்டியவை’ குறிப்பில் எழுதிச் சேர்த்து, வாரத்தில் ஒரே நாளில் வாங்குங்கள். அந்தச் செயலிகளில் உள்ள பழைய ஆர்டர் விவரத்தை இதற்கு நன்றாகப் பயன்படுத்தலாம்: போன மூன்று மாதத்தில் துவரம்பருப்பு எத்தனை முறை, எத்தனை கிலோ வாங்கினீர்கள் என்பது அங்கே தேதியோடு இருக்கும், அதை மூன்றால் வகுத்தால் வருவதே உங்கள் வீட்டின் உண்மையான மாதச் செலவு.

ரேஷன் அட்டை வைத்திருப்போர் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தின் ‘டிஎன்இபிடிஎஸ்’ செயலியில், பதிவு செய்த கைப்பேசி எண்ணைக் கொண்டு நுழைந்தால், தமக்குரிய ஒதுக்கீட்டையும் கடையில் உள்ள இருப்பையும் பார்க்கலாம். பருப்பும் பாமாயிலும் கடைக்கு வந்துவிட்டதை அறிந்த பிறகு மாதச் சாமான் பட்டியலை எழுதினால், ஒரே பருப்பு இரண்டு வழியில் வந்து பரணில் தங்காது.

ஆண்டுக்கு ஒருமுறை வாங்கும் புளி, மிளகாய் வற்றல் ஆகியவற்றுக்கு மேற்சொன்ன குறிப்புகளில் இடமில்லை. வாங்கிய மாதம், அளவு, கடைசியாக வெயிலில் காயவைத்த நாள் என்று தனியே ஒரு வரி இருந்தால் போதும்.

சமைத்து மிஞ்சியது

இதில் சிக்கனத்துக்கு முன்னால் உடல்நலம் வருகிறது. சமைத்த உணவை 5 டிகிரி செல்சியஸ் முதல் 60 டிகிரி வரையிலான வெப்பத்தில் நெடுநேரம் விடுவது கிருமிகள் பெருக இடம் கொடுக்கும். ஆகவே மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து, சிறிய பாத்திரங்களில் பிரித்து உள்ளே வையுங்கள். சோற்றில் இது மிகவும் முக்கியம், ஏனெனில் சோற்றில் வளரும் சில கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. உள்ளே வைத்த கையோடு ‘சாம்பார், இரண்டு பேருக்கு, நாளை’ என்று முதல் குறிப்பில் எழுதிவிடுங்கள். மூடிய பாத்திரத்துக்குள் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. கைப்பேசியில் இருந்தால் பள்ளி விட்டு வந்ததும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டுத் தேர்வுப்பெட்டியைத் தொட்டுவிடுவார்கள். வீட்டு விழாவில் பெரிய அளவில் மிஞ்சினால் அது வேறு. கோயம்புத்தூரில் 2014-இல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ போன்ற அமைப்புகள் அத்தகைய உணவைப் பெற்றுத் தேவையானவர்களிடம் சேர்க்கின்றன. பந்தி முடியும் முன்பே அழைத்துச் சொன்னால்தான் உணவு நல்ல நிலையில் போய்ச் சேரும்.

வீட்டில் உள்ள மூத்தவர்களை இந்த முறைக்கு வெளியே விட்டுவிடாதீர்கள், அடுக்களையின் இருப்பை அவர்களைப் போல் அறிந்தவர்கள் யாரும் இல்லை. என் மாமியாருக்குத் தட்டச்சு செய்ய வராது. விசைப்பலகையில் தமிழ்க் குரல் உள்ளீட்டை இயக்கி, மைக் குறியை மட்டும் காட்டிக்கொடுத்தோம். இப்போது ‘நல்லெண்ணெய் கால் லிட்டர்தான் இருக்கு’ என்று அவர் சொல்வது அப்படியே பட்டியலில் வந்து விழுகிறது. எங்கள் நால்வரில் ஒரு நாளும் தவறாமல் எழுதுகிறவர் அவர்தான்.

வீணானவை

மூன்றாவது குறிப்பைப் பலர் தொடங்குவதே இல்லை, ஆனால் மூன்றிலும் பயன் மிகுந்தது அதுவே. எறியும் ஒவ்வொரு முறையும் என்ன, எவ்வளவு, ஏன் என்று எழுதுங்கள். யார் வாங்கியது என்று எழுத வேண்டாம், எழுதினால் அடுத்த வாரமே எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். மாதக் கடைசியில் அதை ஒருமுறை படித்து, திரும்பத் திரும்ப வரும் பொருளின் அளவை ‘வாங்க வேண்டியவை’ குறிப்பில் குறைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் முதல் மூன்று மாதத்தில் கொத்தமல்லி ஒன்பது முறை வந்திருந்தது. கட்டைப் பாதியாகக் கொடுக்கக் கடைக்காரரைக் கேட்க முடியாது. அதனால் இப்போது சனிக்கிழமை கட்டு வந்ததும் பாதியை அன்றைக்கே துவையலாக அரைத்துவிடுகிறோம். மீதியை வேரை நறுக்கி, ஈரம் போகத் துணியில் பரப்பி, காகிதத்தில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வைத்து, ‘கொத்தமல்லி பாதி, வெள்ளிக்குள்’ என்று முதல் குறிப்பில் எழுதிவிடுகிறோம்.